பதினேழு தடவை தள்ளிப்போட்ட கோவிந்தன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குப் பெட்ரோல் டேங்க் மூடி செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், மூடி கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். அந்த மூடி கம்பெனியில் நெட்வொர்க் இன்சார்ஜாக இருந்தவர் கோவிந்தன். வயது ஐம்பத்து நாலு, வீடு மேனாம்பேட்டில், மனைவி பேர் ஜெகதாம்பாள். ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவதில் அவரை அடித்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி மறந்துபோவான். கோவிந்தன் எதையும் மறக்க மாட்டார். ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு தேதி வைத்திருப்பார். அந்தத் தேதி வந்ததும் காலையிலேயே ஞாபகம் வரும், பல் விளக்கிக்கொண்டே யோசிப்பார், வாய் கொப்பளிப்பதற்குள் அடுத்த தேதி கொடுத்துவிடுவார். மாடிப்படிக்குக் கைப்பிடிக் கம்பி வைக்கிற வேலை ஒன்பது வருஷமாக அப்படித்தான் நின்றது. அதையாவது விடலாம். வலது பக்க அடிவயிற்றில் குடலிறக்கம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷம் ஆயிற்று. கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கார்டு பர்ஸிலேயே இருந்தது. முதலில் மழை நிற்கட்டும் என்றார், பிறகு வெயில் தணியட்டும் என்றார், இரண்டும் ஆனதும் ஆடி போகட்டும் என்றார். இடுப்பில் ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பெண் பார்க்க வருவதையே மூணு வாட்டி தள்ளிப்போட்ட ஆளு இவுரு என்று ஜெகதாம்பாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

கோவிந்தன் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது நெட்வொர்க்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. டெலிபோன் போர்டு ஆபரேட்டராகத்தான் சேர்ந்தார். நாலு லைன், நாற்பது எக்ஸ்டென்ஷன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டருக்கு ஒயர் வந்தது, ஒயர் என்று எது வந்தாலும் கோவிந்தனைக் கூப்பிடு என்று ஆயிற்று. மூன்று ஷெட்டிலும் கூரைக்கு அடியில் போகிற ஒவ்வொரு ஒயரும் அவர் கையால் இழுத்தது. எந்த ஒயர் எந்தத் தூணுக்குப் பின்னால் வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளி குணசேகரன் பழைய பெட்டிகளையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டுப் புதுப் பெட்டிகள் வாங்கினார். சுவிட்சும் வைஃபை பெட்டியுமாக மொத்தம் நாற்பத்து மூன்று. அவற்றின் விசேஷம், பெட்டி நம்ம ஷெட்டில் இருக்கும், கடிவாளம் நம்ம கையில் இருக்காது. எங்கேயோ இருக்கிற கிளவுடிலிருந்து நடத்துவார்கள். கோவிந்தனுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார்கள். அதில் நாற்பத்து மூன்று பச்சைப் புள்ளிகள் தெரியும். பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. பச்சையாகத்தான் இருந்தது.

இந்தப் பெட்டிகளுக்கு உள்ளே அவற்றை ஓட்டுகிற ஒரு புரோகிராம் இருக்கிறது, ஃபர்ம்வேர் என்று பேர். செய்தவர்களே அதில் ஓட்டை கண்டுபிடிப்பார்கள், அவர்களே அடைப்பார்கள், அடைத்ததைப் புதுப் பதிப்பு என்று அனுப்புவார்கள். புதுசு இறங்குகிறபோது பெட்டி ஒரு தடவை அணைந்து எழுந்திருக்கும். அந்த அரை மணி முக்கால் மணி நேரம் கரண்ட் மட்டும் போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம், இதற்காகப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

ஒரு நாள் கோவிந்தனுக்கு மெயில் வந்தது. புதிய பதிப்பு தயார், வரும் ஞாயிறு தானாக ஏற்றப்படும், வேறு நாள் வேண்டுமா என்று கேட்டுக் கீழே ஒரு காலண்டரும் போட்டிருந்தது. உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க, போயும் போயும் கோவிந்தனிடம் போய் வேறு நாள் வேண்டுமா என்று கேட்டுவிட்டது அந்தக் கிளவுட். அவர் காலண்டரில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்க் கடைசித் தேதியைத் தொட்டார்.

முதல் தடவை ஆடிட் என்று ஒரு காரணம் இருந்தது. அடுத்த தடவை வாடிக்கையாளர் இன்ஸ்பெக்‌ஷன். மூன்றாவது தடவை மாசக் கடைசி, லோடு போக வேண்டும். ஒன்பதாவது தடவை காரணமே கிடையாது, கை தானாகப் போயிற்று. இதில் கொடுமை என்னவென்றால், அவர் செய்தது சரி என்று ஊரே சொல்லும்படி ஆயிற்று. அதே பெட்டிகளை வாங்கியிருந்த பக்கத்துக் கம்பெனிக்காரன் மெயில் வந்த வாரமே அப்கிரேடு போட்டான், புதுப் பதிப்பில் ஏதோ கோளாறு, ஒரு நாள் முழுக்க வைஃபை இல்லாமல் ஸ்டோர் ரூமில் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தான். கோவிந்தனுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று எஸ்டேட்டில் பேசிக்கொண்டார்கள். மூன்று வருஷம் வேலை நேரத்தில் ஒரு நிமிஷம்கூட நெட்வொர்க் நிற்காததற்காக முதலாளி அவருக்குச் சால்வை போர்த்தி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். கோவிந்தனுக்குக் கொடுக்க வேறு பொருளே கிடைக்கவில்லை போலிருக்கிறது. அதற்கு ஆணி அடிக்கிற வேலை இன்னும் பாக்கி.

இப்படிப் பதினேழு தடவை. பதினெட்டாவது மெயிலில் பேச்சு மாறியிருந்தது. நீங்கள் வைத்திருக்கும் பதிப்புக்கு இனி எங்கள் ஆதரவு இல்லை, ஒரு மாதத்துக்குள் ஒரு நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கவும், தேர்ந்தெடுத்த பிறகு மாற்ற இயலாது என்று இருந்தது. கோவிந்தன் அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தார். ஆறு வருஷம் குடல் இறங்கிக்கிடந்தபோது வராத பயம் அப்போது வந்தது.

அந்த மாசம் பார்த்துத்தான் இன்னொன்றும் நடந்தது. நெட்வொர்க்கைப் பராமரிக்க முதலாளி வெளியாள் கம்பெனி ஒன்றை ஏற்பாடு செய்தார். அங்கிருந்து கௌதம் என்று ஒரு இளைஞர் வந்தார். வந்தார் என்றால் திரையில் வந்தார். பூந்தமல்லியில் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறவர். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனாலும் அவர் கடைசிவரை நேரில் வரவில்லை. எல்லாமே கிளவுடிலிருந்து தானாகப் போய்விடும், சைட்டில் ஆளே தேவையில்லை என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள் டீ நேரத்தில் ரேணுகா கோவிந்தனைத் தனியாகக் கூப்பிட்டார். ரேணுகா ஆபீஸில் மெமோ, லீவு, ஆர்டர் எல்லாம் பார்க்கிறவர், நல்ல பெண். இந்த அப்கிரேடு யாரும் கை வைக்காமல் ஒழுங்காக முடிந்துவிட்டால், தீபாவளிக்குள் கோவிந்தனுக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருக்கிறார், லெட்டர் அடித்துத் தயாராக வைக்கவும் சொல்லிவிட்டார் என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கோவிந்தன் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். ஐம்பத்து எட்டு வரை சர்வீஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷன். ஐம்பத்து நாலு வயசில், டெலிபோன் போர்டில் ஆரம்பித்த ஆளை, எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்கிரேடு நன்றாக முடிந்தால் வேலை போய்விடும். கெட்டுப்போனால், ஏன்யா பதினேழு தடவை தள்ளிப்போட்டாய் என்று அதற்கும் அவரைத்தான் பிடிப்பார்கள். ஜெகதாம்பாளிடம் சொல்லலாமா என்று யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

நாள் குறித்துத்தான் ஆக வேண்டும். ஆயுத பூஜையன்று குறித்தார். யோசனை நல்ல யோசனைதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூடி கம்பெனியில் பூஜைக்கு ஒரு முறை உண்டு. காலை எட்டரைக்கு எலக்ட்ரீஷியன் உத்தமன் மெயினை இறக்குவார். பிறகு யூ.பி.எஸ்.ஸையும் அணைப்பார். ஈரத்துணியும் சந்தனமுமாக மிஷின்களைத் தொடுகிறபோது எதிலும் கரண்ட் இருக்கக் கூடாது, மிஷினுக்கும் அது ஓய்வு. பிரஸ் மிஷின், லேத், வெயிட் மிஷின், நெட்வொர்க் ரேக் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. தீபாராதனை முடிந்ததும் உத்தமன் மெயினை ஏற்றுவார், ஒவ்வொரு மிஷினையும் ஒரு சுற்று ஓட்டி நிறுத்துவார்கள், வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள், பொரிகடலையும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு மறுநாள்வரை ஈ காக்கை இருக்காது. கோவிந்தன் பதினோரு மணி என்று போட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தேதியைத் தள்ளாமல் குறித்திருக்கிறோம் என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆயுத பூஜையன்று எட்டரை மணிக்கு வாழைக்கன்று கட்டியாயிற்று, தோரணம் தொங்கியாயிற்று, ஐயர் வந்து உட்கார்ந்தாயிற்று, முதலாளியைக் காணோம். போன் செய்தால், மாங்காடு கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், நவராத்திரிக் கூட்டம், வரிசை நகரவே இல்லை, வந்துகொண்டே இருக்கிறேன், ஆரம்பிக்காதீர்கள் என்றார். ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. குழந்தைகள் சுண்டலில் கை வைக்க ஆரம்பித்தன. கோவிந்தன் ரேக் ரூமுக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்தார். காலண்டர் இருந்தது, தொட்டால் அசையவில்லை. ஆயுசெல்லாம் பிறத்தியாரைக் காக்கவைத்த மனுஷன், ஒரே ஒரு நாள் நேரம் தவறாமல் நின்றபோது முதலாளி தள்ளிப்போட்டுவிட்டார். இதை எங்கே போய்ச் சொல்வது?

சரியாகப் பதினோரு மணிக்குப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறின. புதுசு இறங்க ஆரம்பித்துவிட்டது. பதினொன்று பத்துக்கு முதலாளியின் கார் ஹாரன் கேட்டது. இறங்கினதும் இறங்காததுமாக, ம், ஆகட்டும் ஆகட்டும், ராகு காலம் வருவதற்குள் முடிக்கணும் என்று முதலாளி விரட்ட, மேளம் தட்ட ஆரம்பித்தார்கள். உத்தமன் வழக்கம்போல நேராகப் போய் மெயினை இறக்கினார். ஷெட் இருட்டாயிற்று. ரேக்கும் அதிலிருந்து கரண்ட் வாங்குகிற பெட்டிகளும் மட்டும் யூ.பி.எஸ்.ஸில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. கோவிந்தன் சந்தனக் கிண்ணத்தோடு ரேக் பக்கத்தில் நின்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உத்தமன் உள்ளே வந்தார். இருபத்தொரு வருஷப் பழக்கம் இரண்டு பேருக்கும். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

"இன்னா கோவிந்து, இதையும் ஆஃப் பண்ணிடவா?" என்று கேட்டார்.

இவ்வளவு வருஷத்தில் உத்தமன் அப்படிக் கேட்டதே கிடையாது, வருவார், அணைப்பார், போவார். ரேக்கில் வழக்கத்துக்கு மாறாக விளக்குகள் ஓடுவதைப் பார்த்துத்தான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கோவிந்தன் வாயைத் திறந்திருந்தால் போதும். இரு உத்தமா, இன்னும் அரை மணி நேரம் என்று நாலு வார்த்தை. ஆனால் வெளியே முதலாளியின் அம்மா கையில் கற்பூரத் தட்டு, ஐயர் கையில் மணி, யாரைப் போய் நிறுத்தச் சொல்வது? அதோடு ரேணுகா அடித்து வைத்திருக்கிற லெட்டரும் கண் முன்னால் வந்தது. அணைக்கட்டும் என்று அவர் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. தீபாராதனை ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். நினைத்துக்கொண்டே "ம்" என்றார்.

உத்தமன் அணைத்தார். நாற்பத்து மூன்று பெட்டியும் பொட்டென்று போயிற்று. கோவிந்தன் ரேக்குக்கு மூன்று விரலால் சந்தனம் இட்டார், நடுவில் குங்குமம் வைத்தார், பூவைச் சாத்தினார்.

மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், எல்லாரும் குளித்து நெற்றியில் இட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். வருகைப் பதிவு மிஷின் யார் விரலையும் ஏற்றுக்கொள்ளவில்லை. லோடு அனுப்ப லேபிள் அடிக்கவில்லை. வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த மூன்று லாரிகளும் அப்படியே நின்றன. நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்று பழைய பதிப்பிலேயே தானாக எழுந்துவிட்டன. பன்னிரண்டு பெட்டி மட்டும் ஆரஞ்சு விளக்கைக் காட்டிக்கொண்டு செத்ததும் இல்லாமல் பிழைத்ததும் இல்லாமல் கிடந்தன. முதலாளி கௌதமைத் திரையில் பிடித்தார். கௌதம் வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு, கிளவுடுக்கு அந்தப் பன்னிரண்டும் தெரியவே இல்லை, யாராவது நேரில் போய் ஊசி மாதிரி எதையாவது வைத்து அடியில் இருக்கிற ஓட்டையில் அழுத்த வேண்டும் என்றார். பன்னிரண்டும் இருபதடி உயரத்தில் கூரைக்கு அடியில் இருந்தன.

கோவிந்தன் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகக் கிளம்பினார். ஜெகதாம்பாள் எப்போதோ அவர் சட்டைப் பையில் குத்தி வைத்த ஒரு ஊக்கு, ஒரு ஏணி, இடுப்பில் பெல்ட். ஒவ்வொரு பெட்டியாக ஏறி, ஊக்கைக் குத்தி, இருபது எண்ணி, இறங்கி, மறுபடி ஏறினார். உத்தமன்தான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் பச்சை. கோவிந்தன் இல்லாவிட்டால் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த லெட்டரை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று ரேணுகாவிடம் சொல்லி அனுப்பியதாகவும் தெரிந்தது.

ஆக, வேலை பிழைத்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் கோவிந்தன் ஒரு கிலோ திராட்சை வாங்கினார். ஜெகதாம்பாள் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றார். அந்த "ம்" காதிலேயே நின்றுகொண்டிருந்தது, திராட்சையைத் தொடவில்லை.

பன்னிரண்டு பெட்டி படுத்தால் யாராவது ஒருத்தர் தலையில் அது விழுந்துதானே ஆக வேண்டும்? முதலாளி மாங்காட்டில் நின்ற இரண்டரை மணி நேரத்துக்கு யாரும் மெமோ கொடுக்க மாட்டார்கள். அனுமதியின்றி மின்சாரத்தைத் துண்டித்து உற்பத்திக்கு இடையூறு செய்ததற்காக உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உத்தமனுக்கு மெமோ போயிற்று. இருபத்தொரு வருஷமாக ஆயுத பூஜைக்கு மெயினை இறக்கி ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்ட ஆளுக்கு, இருபத்திரண்டாவது தடவை மெமோ.

உத்தமன் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கோவிந்தனிடம்தான் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று கோவிந்தன் எழுந்து நின்றார்.

"கோவிந்து, உன் கையெழுத்து நல்லாகீது. நான் சொல்லச் சொல்ல எழுதிக் குடு" என்றார் உத்தமன். வருஷா வருஷம் அணைப்பேன், அதே மாதிரி இந்த வருஷமும் அணைத்தேன், அப்கிரேடு நடப்பது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான் எழுத வேண்டியது என்றார்.

கோவிந்தன் பேனாவைத் திறந்தார். முதல் வரியை எழுதினார். பிறகு நிமிராமலே கேட்டார். "அணைக்கட்டுமான்னு என்னைக் கேட்டியே, அத்த எழுத வாணாமா?"

"உன் பேரு இதுல இன்னாத்துக்கு? உன்ன எப்போ தூக்கலாம்னு பாத்துகினு கீறானுங்க. உட்டுத் தள்ளு."

கோவிந்தன் தெரிந்தேதான் ம் சொன்னார் என்று உத்தமனுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன். கோவிந்தனுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் எழுதித் தருகிறேன், நீ போ என்று அவரை அனுப்பிவிட்டு, வேறு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பூஜையன்று யூ.பி.எஸ்.ஸை அணைக்கலாமா என்று உத்தமன் என்னைக் கேட்டார், அப்கிரேடு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, நான் ம் என்றேன் என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு ரேணுகா மேஜையில் வைத்தார்.

ரேணுகா படித்துவிட்டு நிமிர்ந்தார். மெமோ உத்தமனுக்கு, பதில் உங்களுடையது மாதிரி இருக்கிறதே அண்ணா என்றார். ஆமாம் என்றார் கோவிந்தன். இதை மேலே அனுப்பினால் அந்த லெட்டர் மறுபடி வெளியே வந்துவிடும், இன்றைக்கு என்னிடமே இருக்கட்டும், நாளைவரை யோசித்துப் பாருங்கள் என்று ரேணுகா கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"நாளைக்குன்னா நானே வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிடுவேம்மா. எனக்கு என்னைப் பத்தித் தெரியும். இப்பவே அனுப்பு" என்றார் கோவிந்தன்.

முதலாளி குணசேகரன் அரை மணி நேரம் கத்தினார். கத்தி முடித்ததும் உத்தமனின் மெமோவைக் கிழித்துப் போட்டார், அந்த அளவுக்கு நல்ல மனுஷன்தான். கோவிந்தனிடம் மட்டும், அந்த அப்கிரேடை ஒழுங்காக முடித்துக் கொடு, அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். என்ன பேசுவார் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கோவிந்தன் ஜெகதாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜெகதாம்பாள் கேட்டுவிட்டு, காய்ச்சல் கீய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கிளவுட்காரர்கள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். கோவிந்தன் காலண்டரில் முதலில் வருகிற ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டார், காலை பத்து மணி. உத்தமன் லீவு நாளென்றும் பார்க்காமல் வந்து மெயின் பெட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜெனரேட்டர் சர்வீஸுக்கு என்று ஒருத்தன் வந்தான், அவனை வாசலிலேயே திருப்பினார். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் வைக்கிறேன் என்று வந்தவனிடம், அடுத்த வாரம் வைத்துக்கொள் என்றார். எழுந்து ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. முப்பத்தெட்டு நிமிஷம். நாற்பத்து மூன்று புள்ளியும் நீலமாகிப் பச்சையாயிற்று. திரையில் கௌதம், பார்த்தீர்களா சார், யாரும் கை வைக்கவில்லை, தானாகப் போய்விட்டது என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உத்தமன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ரேணுகா லெட்டரை நீட்டினார். தேதி மட்டும் புதுசாகப் போட்டிருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படித்துவிட்டு நாளைக்குக் கையெழுத்துப் போடுங்கள் அண்ணா, அவசரமில்லை என்றார். கோவிந்தன் நின்றபடியே போட்டுக் கொடுத்தார். ஒன்றே ஒன்று கேட்டார், மெடிக்கல் கார்டு எத்தனை நாள் செல்லும்? மாசக் கடைசிவரை என்றார் ரேணுகா. அன்றைக்குத் தேதி இருபத்திரண்டு.

இருபத்தேழாம் தேதி காலை கோவிந்தன் ஆஸ்பத்திரியில் பச்சைக் கவுனை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜெகதாம்பாள் மோதிரத்தையும் வாட்சையும் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது போன் ஒரு தடவை அதிர்ந்தது. புதிய பதிப்பு தயார், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தானாக ஏற்றப்படும், வேறு நாள் வேண்டுமா என்று கேட்டிருந்தது.

கிளவுடில் இருந்த கோவிந்தனின் பேரை எடுத்துவிட்டு வேறு பேர் போட வேண்டும் என்று ரேணுகா எழுதியிருந்தார். கௌதமின் கம்பெனி, அதை அடுத்த காலாண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் போட்டிருந்தது. அதுவரை மூடி கம்பெனியின் நாற்பத்து மூன்று பெட்டியும் மேனாம்பேடு கோவிந்தன் சொல்படிதான் நடக்கும். அவர் காலண்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை உத்தமன் மச்சினன் கல்யாணத்துக்குத் திருத்தணி போகிறார். மெயினுக்குப் பக்கத்தில் உட்கார அங்கே ஒரு ஆள் கிடையாது. இருபத்தொரு வருஷமாகச் சோறு போட்ட இடம்.

ஸ்டெஃபி என்று சட்டையில் பேர் குத்தியிருந்த நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கோவிந்தன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் நின்றார். "முக்கியமான வேலையா அங்கிள்? வேணும்னா பத்து நிமிஷம் கழிச்சு வரட்டுமா?"

கோவிந்தன் காலண்டரில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்க் கடைசித் தேதியைத் தொட்டார். போனை அணைத்து ஜெகதாம்பாள் கையில் கொடுத்தார்.

"வாணாம்மா, இப்பவே போலாம்" என்று எழுந்தார்.